ஃபெலிக்ஸ் கொன்ராய்க்குக் கிடைத்த மன்னிப்பு

பிரிஸ்பேன்
1882 நவம்பர் 19, ஞாயிறு

என் கண்ணான யூனாவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் நலமாக, இருவருமே வீட்டில்தான் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை கார்மக்கும் உன் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் டப்ளின் குளிரில் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இருவருமே வீட்டில் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், உன் அப்பா பதினோரு நாள் சிறையில் இருந்துவிட்டு வந்தார். அந்த ஊர்ப் பத்திரிகை எதிலாவது இதைப் பற்றி வந்து நீ படித்துப் பயந்திருந்தால் பயத்தை இப்போதே விட்டுவிடு, மாசமாக இருக்கிறவள் பயப்படக்கூடாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், காலை மணையில் நீட்டி வைத்துக்கொண்டு படி.

சாக்கடைச் சட்டம் உனக்கு நினைவிருக்கும், மறந்திருந்தால் நீ எங்கள் மகளே இல்லை. நீ சிறுமியாக இருந்தபோதிருந்து இந்த வீட்டில் சாப்பாட்டு மேசையில் அதைத் தவிர வேறு பேச்சு கிடையாதே. ஓடைக் கழிவை மூடிய குழாயில் கொண்டுபோக வேண்டும், தோல் பதனிடும் ஆலைகளை ஓடைக்கரையிலிருந்து விலக்கி வைக்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம். உன் தம்பி கில்லன் ஓடைத் தண்ணீரால் வந்த காய்ச்சலில் இறந்த வருடம் உன் அப்பா அதை எழுத ஆரம்பித்தார், இப்போது பதினோரு வருடமாகிறது. இந்த முறைதான் ஓட்டெடுப்பு வரைக்கும் வந்தது. ஓட்டுப் போடும் முன்பே ஆட்களை எண்ணிப் பார்த்ததில் ஒரே ஓட்டு எங்கள் பக்கம் அதிகம், அந்த ஓர் ஓட்டும் உன் அப்பாவுடையதுதான். சைலஸ் ஹேடோவை உனக்குத் தெரியும், ஓடை மேட்டில் தோல் ஆலை வைத்திருக்கிறானே, அவன் இப்போது சட்டசபையில் உட்கார்ந்திருக்கிறான். அவன் எழுந்து, தண்டனை பெற்று இந்த நாட்டுக்கு அனுப்பப்பட்ட குற்றவாளி ஒருவர் நேர்மையான வியாபாரிகளுக்குச் சாக்கடை பற்றிப் பாடம் நடத்துகிறார் என்று சொன்னான். சபையில் பாதிப் பேர் சிரித்தார்களாம். உன் அப்பா வீட்டுக்கு வந்து, அந்த மன்னிப்புப் பத்திரம் எங்கே என்று கேட்டார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நாற்பத்தெட்டாம் வருடம் டப்ளினில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த உன் அப்பா மகாராணி ஆட்சியை எதிர்த்து எழுதிய கட்டுரைக்காக, கடலுக்கு அப்பால் பத்து வருடம் என்று தீர்ப்பானதும், கைதிகளை இறக்கும் வான் டீமன் தீவுக்கு அனுப்பப்பட்டதும், நான் பின்னாலேயே கப்பலேறி வந்து கட்டிக்கொண்டதும் உனக்குத் தெரிந்த கதை. கல்யாணமான இரண்டாம் வருடம் லண்டனிலிருந்து மன்னிப்பு வந்தது. அவர் ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தார், நான்தான் உறையைப் பிரித்தேன். அதில் எந்தக் குமாஸ்தா தூங்கிக்கொண்டு எழுதினானோ, ஃபெலிம் கொனாட்டி என்று இருக்க வேண்டிய இடத்தில் ஃபெலிக்ஸ் கொன்ராய் என்று இருந்தது. மூன்று முறை வாசித்தேன், கொன்ராய் கொன்ராயாகவே இருந்தார். திருப்பி அனுப்பினால் இன்னொரு வருடம் ஆகும், அதற்குள் இவர் மனம் மாறி, மகாராணியின் மன்னிப்பு எனக்கெதற்கு என்று முறுக்கிக்கொள்வார் என்று பயந்தேன். அவர் வந்ததும், மன்னிப்பு வந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். அதை என் கண்ணில் காட்டாதே என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போய் இருட்டும் வரை விறகு பிளந்தார். எங்களுக்கு அந்த மாதம் விறகே வாங்க வேண்டியிருக்கவில்லை. நான் பத்திரத்தைப் படுக்கை விரிப்புகளுக்கு நடுவில் வைத்தேன். இருபத்தெட்டு வருடம் அங்கேயே இருந்தது. அவர் படித்து முடித்து டாக்டராகி, இந்த ஊருக்கு வந்து, சிறை மருத்துவராகி, கௌரவ மாஜிஸ்திரேட் ஆகி, சபை உறுப்பினரும் ஆன பிறகு அதைப் போய் யார் பார்க்கப்போகிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

இப்போது அவர் கேட்டதும் விரிப்புப் பெட்டியை மறைத்துக்கொண்டு நின்றேன். எங்கே வைத்தேனோ என்று இழுத்தேன். அவரோ பெட்டியைக் கவிழ்த்து, விரிப்புகளையெல்லாம் தரையில் போட்டு எடுத்துவிட்டார். உறையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சபைக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடி மேல்மாடத்தில் பெண்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன். அவர் கண்ணாடியை மாட்டி, தொண்டையைச் செருமி, சபையில் எல்லோரும் கேட்க உரக்க வாசித்தார். வேறு யாராக இருந்தாலும் அந்த இடம் வந்ததும் தன் பெயரையே சொல்லிவிட்டுப் போயிருப்பான், பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்கவா போகிறார்கள். உன் அப்பா எதிரே இருந்ததை அப்படியே வாசித்தார். ஃபெலிக்ஸ் கொன்ராய் என்றார், நிறுத்தினார், மறுபடி முதலிலிருந்து ஃபெலிக்ஸ் கொன்ராய் என்றார். அப்புறம் ஹேடோவைப் பார்த்தே, "இது நான் இல்லையே" என்றார்.

அவர் முகத்தை நான் பார்த்தேன் யூனா. வெட்கப்படுவார், இடிந்துபோவார் என்று நினைத்தேன். தொலைத்த பொருளைக் கண்டெடுத்தவர் மாதிரி இருந்தார். பத்திரத்தை மடித்து எதிர்வரிசைக்கு நீட்டி, கொன்ராய் என்று யாராவது வந்தால் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் என்னிடம், "முப்பது வருஷமா அவங்ககிட்ட தலை குனிஞ்சுட்டேன்னு நெனச்சுட்டே இருந்தேன் ஒனோரா. குனியவே இல்ல, பாத்தியா" என்றார். இரண்டு தட்டு ஆட்டிறைச்சி சாப்பிட்டார். இரண்டாவது தட்டு என்னுடையது.

ஹேடோ சும்மா இருப்பானா. தண்டனையில் இருக்கிறவன் சபையில் உட்காரக்கூடாது என்று மனுக் கொடுத்தான். அதை அரசு வக்கீல் டோபையஸ் வெல்லண்டிடம் அனுப்பினார்கள். வெல்லண்ட் கெட்ட மனிதர் இல்லை, யாரிடமும் ஒரு கோப்பைத் தேநீர்கூட இலவசமாக வாங்கிக் குடிக்காதவர், ஆனால் காகிதத்தில் இருப்பது மட்டும்தான் அவருக்கு உலகம். மூன்று நாள் புத்தகங்களைப் புரட்டிவிட்டு அவர் சொன்னது இது. ஃபெலிம் கொனாட்டி மன்னிக்கப்படவில்லை. பத்தில் ஐந்து வருடம் போக மீதி ஐந்து இருக்கிறது. அதைக் கடலுக்கு அப்பால் கழிக்க வேண்டும் என்பது தீர்ப்பு. ஆள் இப்போது இருப்பது இங்கே, ஆகவே இங்கிருந்து பார்த்தால் கடலுக்கு அப்பால் எதுவோ அங்கே அனுப்ப வேண்டும். மற்ற எல்லா நாடுகளும் இனிமேல் குற்றவாளிகளை இறக்க விடமாட்டோம் என்று சட்டம் போட்டுவிட்டன. அப்படிச் சட்டம் போடாத ஒரே நாடு அயர்லாந்து, ஏனென்றால் அங்கே யாரையும் அனுப்பப்போகிறோம் என்று யாருக்கும் தோன்றியதே இல்லை. எனவே கொனாட்டியை நவம்பர் பதினாறாம் தேதி வியாழக்கிழமைக் கப்பலில் ஐந்து வருடத் தண்டனையாக அயர்லாந்துக்கு நாடுகடத்த வேண்டியது. அதுவரை காவலில் வைக்க வேண்டியது. மனைவி விரும்பினால் அரசுச் செலவில் கூடப் போகலாம்.

இதைப் படித்ததும் உனக்கு என்ன தோன்றுகிறதோ அதுதான் எனக்கும் தோன்றியது, ஒளிக்க மாட்டேன். வியாழக்கிழமை ஏறினால் ஜனவரிக்கு அங்கே. மார்ச்சில் உனக்குப் பிரசவம். நான் பெட்டியை இறக்கித் துடைத்து, கம்பளி உள்ளாடைகளை வெயிலில் போட்டேன், நவம்பர் வெயிலில் இங்கே கம்பளியைத் தொட்டாலே வேர்க்கிறது, பக்கத்து வீட்டுக்காரி எனக்குப் புத்தி பிசகிவிட்டதென்று நினைத்தாள். சாக்கடைச் சட்ட ஓட்டெடுப்பு செவ்வாய்க்கிழமை. அவர் உள்ளே இருந்தால் ஓட்டு சமமாகும், சட்டம் சாகும். அதை நினைக்காமல் இருக்கத்தான் இன்னும் இரண்டு கம்பளியை எடுத்து உலர்த்தினேன்.

கைது நடந்த விதத்தைச் சொல்கிறேன், சிரிக்கலாம். வாரண்டில் மாஜிஸ்திரேட் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அன்று குதிரைப் பந்தயம், மற்ற மாஜிஸ்திரேட்டுகள் எல்லோரும் அங்கே போய்விட்டார்கள். இன்ஸ்பெக்டர் நம் வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உன் அப்பா உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து வாரண்டைப் படித்து, தன் பெயரில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தி, இந்த முறையாவது சரியாக இருக்கட்டும் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிறகு இருவரும் எங்கள் வண்டியிலேயே சிறைக்குப் போனார்கள்.

சிறையில் ஜெயிலர் டக்கின் பாடு திண்டாட்டம். அங்கே சமையல் சரியில்லை என்று ஒன்பது வருடமாக எழுதிக்கொண்டிருப்பவர் உன் அப்பா. இப்போது காலையில் கைதியாக உருளைக்கிழங்கு அழுகல் என்று புகார் கொடுப்பார், பத்து மணிக்கு மருத்துவராக அந்தப் புகாரை விசாரித்து நியாயம்தான் என்று எழுதுவார். சிறையை மேற்பார்க்கும் மாஜிஸ்திரேட்டும் அவர்தான் என்பதால் மத்தியானம் ஜெயிலரிடம் விளக்கம் கேட்பார். ஜெயிலர் என்னிடம் வந்து, "அம்மா, மூணு பேர் ஒரே கட்டில்ல படுத்துருக்காங்க, அதுல யாருகிட்ட நான் பேசுறதுன்னே தெரியல" என்று அழாத குறையாகச் சொன்னார். ஆனால் உருளைக்கிழங்கு மாறியதாம், மற்ற கைதிகள் உன் அப்பாவுக்கு ஐந்து வருடமும் இங்கேயே கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார்களாம்.

அதே ஜெயிலர்தான் சனிக்கிழமை வேறு முகத்தோடு வந்தார். கடல் பயணத்துக்கு முன் கைதியின் உடம்பைச் சிறை மருத்துவர் சோதித்துச் சான்று எழுத வேண்டும் என்பது விதி. உன் அப்பா கண்ணாடி முன் உட்கார்ந்து, சட்டையைக் கழற்றி, இதயம் கேட்கும் குழாயைத் தன் மார்பிலேயே வைத்துக்கொண்டு, மூச்சை இழு என்று தனக்கே சொல்லி, இழுத்து, விட்டு, அப்புறம் எல்லா நோயாளியையும் கேட்பது போலத் தன்னையே கேட்டு, தானே பதிலும் சொன்னாராம். ஜெயிலர் அறைக்கு வெளியே நின்றிருந்தார், கேட்டதை மனப்பாடமாக எனக்குச் சொன்னார்.

"எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

"மூணு வருஷமா."

"வீட்டுல சொன்னீங்களா?"

"இல்ல. அவ பயந்துருவா."

"சொல்லாம இருந்தது தப்புங்க."

"தப்புதான் டாக்டர்."

சான்றின் நகலை நெருங்கிய உறவினருக்குக் கொடுக்க வேண்டும் என்பதும் விதியாம், அதைத்தான் ஜெயிலர் கொண்டுவந்திருந்தார். இடது முழங்காலில் வாதம். இதயத்தில் இரைச்சல், மூன்று ஆண்டுகளாக. நீண்ட கடற்பயணத்துக்குத் தகுதியற்றவர். கீழே அவருடைய கையெழுத்து, மருந்துச் சீட்டில் போடுவது போலவே கிறுக்கலாக. யூனா, முப்பது வருடமாக ஒரே தலையணையில் படுக்கிறவரின் இதயத்தைப் பற்றி ஜெயிலர் கையால் தெரிந்துகொண்டவள் இந்த உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வெல்லண்டின் பதில் அன்று சாயங்காலமே வந்தது. ஒருவர் தனக்குச் சாதகமாகத் தானே சான்று எழுதிக்கொள்வது செல்லாது. வேறு சிறை மருத்துவர் இல்லாததால் சான்றே இல்லை என்றாகிறது. சான்று இல்லாத கைதி தகுதியானவர் என்றே கொள்ளப்படுவார். கப்பல் வியாழக்கிழமை. நான் கொடியிலிருந்த கம்பளிகளை எடுத்து மடித்தேன். மடிக்கும்போதே முடிவு செய்துவிட்டேன். விரிப்புக்கு நடுவே அந்தப் பத்திரத்தை வைத்தவள் நான், ஆகவே இதை அவிழ்க்க வேண்டியவளும் நான்தான்.

திங்கள் காலை வெல்லண்ட் வீட்டுக்குப் போனேன். மனிதர் வேகவைத்த முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தீர்ப்பில் சரியாக என்ன வார்த்தை இருக்கிறது என்று கேட்டேன். கடலுக்கு அப்பால் பத்து ஆண்டுகள் என்றார். பூட்டி வைக்க வேண்டும் என்று இருக்கிறதா என்றேன். இல்லை என்றார். எந்தக் கரையிலிருந்து அப்பால் என்றேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார். தீர்ப்பு டப்ளினில் சொன்னது, ஆகவே டப்ளினிலிருந்துதான் அப்பால், என் கணவர் நாற்பத்தொன்பதாம் வருடம் கப்பலேறியதிலிருந்து ஒரு நாள்கூட அந்தக் கரையை மிதித்ததில்லை, அப்படியானால் முப்பத்துமூன்று வருடமாக அவர் அனுபவித்துக்கொண்டிருப்பது வேறு என்ன என்று கேட்டேன். மிதிக்கவே இல்லை என்பதற்கு ஆதாரம் உண்டா என்றார் அவர். எடுத்துக்கொண்டுதான் போயிருந்தேன். கறுப்புக் கரை போட்ட சாவுக் கடிதங்கள் பதினான்கு. உன் தாத்தா சாவுக்கு வராதவருக்கு எழுதியது, உன் பாட்டி சாவுக்கு வராதவருக்கு எழுதியது, அவருடைய இரண்டு அண்ணன்கள், ஒரே தங்கை, கூடப் படித்தவர்கள், ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியார், ஒவ்வொன்றிலும் நீ இல்லாமலே அடக்கம் பண்ணினோம் என்று ஒரு வரி இருக்கும். வெல்லண்ட் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலால் எண் போட்டார். பதினான்கு போட்டு முடித்ததும் மூக்கைச் சிந்தினார்.

பிறகு அவருக்குப் புதுக் கவலை வந்தது. "அப்படிப் பாத்தா இருபத்துமூணு வருஷம் அதிகமா அனுபவிச்சிருக்காரே அம்மா. அத அரசாங்கம் எப்படித் திருப்பித் தர்றது?"

"அத நாங்க கேக்கல" என்றேன்.

ரொம்ப நிம்மதியாகிவிட்டது அவருக்கு. முட்டையை முடித்துவிட்டு எழுத உட்கார்ந்தார்.

செவ்வாய் மத்தியானம் நான் காகிதத்தோடு சிறைக்குப் போனேன். உன் அப்பா நோயாளிகளைப் பார்த்து முடிக்காமல் வர மாட்டேன் என்றார், அதிலே அரை மணி நேரம் போனது. அப்புறம் சந்தேகமாக, "மன்னிச்சுட்டாங்களா?" என்று கேட்டார். "இல்ல, முடிஞ்சுபோச்சாம்" என்றேன். காகிதத்தை வாங்கி, இந்த முறை நின்ற இடத்திலேயே பெயரை முதலில் பார்த்தார். தண்டனையை முழுமையாக அனுபவித்து முடித்தவர் ஃபெலிம் கொனாட்டி என்று இருந்தது. முகம் மலர்ந்தது. அவருடைய நல்ல உடையைச் சிறைச் சலவைக்காரர் துவைத்துக் காயப்போட்டிருந்ததால், அம்புக்குறி போட்ட சிறைக் காற்சட்டையும் மேலே ஜெயிலரின் கோட்டுமாக ஓட்டெடுப்புக்கு ஓடினோம். ஓடினோம் என்பது பேச்சுக்கு. அவருடைய இதயத்தை இப்போது நான் அறிந்தவள் என்பதால் வண்டியில்தான் போனோம், அதுவும் மெதுவாக. கதவு சாத்தப் போகும் நேரத்தில் உள்ளே நுழைந்தார்.

ஹேடோ குதித்து எழுந்து, சிறைக் காற்சட்டையைக் காட்டி, இந்த ஓட்டு செல்லாது என்று கத்தினான். சபைத் தலைவர் வெல்லண்டின் காகிதத்தை இரண்டு முறை படித்தார். அப்புறம் நிதானமாக, "உறுப்பினர் தண்டனைய முழுசா முடிச்சவர்னு சட்டப்படி எழுதிக் கொடுத்திருக்காங்க. இந்தச் சபையில வேற யாராவது தன்னப் பத்தி அப்படி ஒரு சான்று வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். அன்று சிரித்த பாதிப் பேரும் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார்கள். இந்த ஊரில் பாதிப் பேருக்குக் கைதியாக வந்திறங்கிய தாத்தாவைப் பற்றிப் பேசவே பிடிக்காது, உனக்குத் தெரியுமே. ஓர் ஓட்டில் சட்டம் நிறைவேறியது. உன் அப்பா கை தட்டவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே உதடு அசைந்தது, கில்லன் பெயர்தான் என்று மேலே இருந்த எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் வண்டியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், பெயர் தப்பென்று எனக்கு இருபத்தெட்டு வருடமாகத் தெரியும் என்று. வண்டியை நிறுத்தச் சொன்னார். என் பக்கம் திரும்பி, "அன்னைக்கே சொல்லியிருந்தா இருபத்தெட்டு வருஷம் நிம்மதியா தூங்கியிருப்பேனே" என்றார். நானும் விடவில்லை, நீங்களும் மூன்று வருடம் இதயத்தை மறைத்தீர்களே என்றேன். கணக்கு நேராகவில்லையே என்று முனகினார், ஆனால் கையைப் பிடித்துக்கொண்டார். தண்டனை முடிந்த சான்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, மருத்துவப் பட்டத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். நாக்கை நீட்டச் சொன்னால் நோயாளிகள் நாக்கை நீட்டியபடியே அதைப் படிக்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஹேடோ கழுத்தில் கட்டியோடு வந்தான், ஓடைத் தண்ணீரால் வந்தது என்று வேறு டாக்டரிடம் சொல்ல வெட்கமாக இருந்ததாம். கீறிவிட்டு, ஓடைத் தண்ணீரில் கழுவாதே என்று புத்தி சொல்லி அனுப்பினார்.

நேற்று இரவுச் சாப்பாட்டின்போது தட்டைத் தள்ளிவைத்துவிட்டு என்னையே பார்த்தார். "எனக்குத் தண்டனை, நான் இங்க இருந்தேன். உனக்கு யாரும் எதுவும் போடலையே ஒனோரா. நீ எதுக்கு இத்தன வருஷம் கடலுக்கு அப்பால இருக்க? பொண்ணுகிட்ட போயிட்டு வா" என்றார். பெட்டி இன்னும் கட்டின கட்டிலேயே கூடத்தில் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டார். குழம்பு அடிப்பிடிக்கிறது என்று சொல்லி உள்ளே போனேன். அடுப்பில் குழம்பே இல்லை.

யூனா, நான் வரவில்லை. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன், முதல் வரியிலேயே சொல்ல எனக்குத் துணிவு இல்லை. காலையில் அவர் எழுந்து குழாயை மார்பில் வைத்துக் கேட்கிறார், பிறகு அதை என்னிடம் தருகிறார், நானும் கேட்கிறேன். எனக்கு அதில் ஒன்றும் புரிவதில்லை. ஆனாலும் ஒரு நாள்கூட அதைக் கேட்காமல் இருக்க என்னால் முடியாது. நீ என் மேல் கோபப்பட்டால் அது நியாயம்தான். ஒரு மாதம் கோபமாக இரு, அதற்கு மேல் வேண்டாம், பாலுக்கு ஆகாது.

மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம் சொல். பிரசவத்துக்கு வருகிற மருத்துவச்சியைக் கை கழுவிவிட்டுத் தொடச் சொல்லு, சிரித்தால் சிரிக்கட்டும், இது அப்பா சொன்னது, மூன்று முறை சொல்லச் சொன்னார். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி. பிள்ளை பிறந்ததும் பெயரைப் பதிவு செய்யப் போவீர்கள் அல்லவா, எழுதிக் கொடுத்ததைக் கையோடு வாங்கி, அந்த இடத்திலேயே நின்று, ஓர் எழுத்து விடாமல் வாசித்துப் பார்த்துவிட்டு வா. மாதா உன்னையும் பிள்ளையையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், உன் வலி சின்னதாகவும் உன் பிள்ளையின் குரல் பெரியதாகவும் இருக்கட்டும்.

உன் வழியையே பார்த்திருக்கும் அம்மா,
ஒனோரா கொனாட்டி

(அப்பா பக்கத்தில் நின்று, தானும் நலம் என்று எழுதச் சொல்கிறார். அவர் சொல்வதை நம்பாதே, நான் சொல்கிறேன், நலமாகத்தான் இருக்கிறார்.)